ஃபேன் சுத்துது, பெட்டி நிண்டுட்டு: கறண்டில் போட்ட பழியின் வரலாறு

மட்டக்களப்பில் ஒரு வீட்டுக் கொம்பியூட்டர் திடீரெண்டு நிண்டால் ஆரும் முதலில் கொம்பியூட்டரைப் பார்க்கிறதில்லை. மேலே ஃபேனைப் பார்ப்பார்கள். ஃபேன் சுத்துது எண்டால் வாசலுக்குப் போய் பக்கத்து வீட்டு லைட்டைப் பார்ப்பார்கள். அதுவும் எரியும். ஆனாலும் தீர்ப்பு மாறாது: "கறண்ட் ஒருக்கா வெட்டிப்போட்டு வந்திருக்கும்."

அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் எழுதப் போறோம். அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் சரியாக இருந்தது, எப்போதிலிருந்து எங்களை ஏமாற்றத் தொடங்கியது. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கலாம். ஒரு சம்பவம் நடந்திருக்கு, கண்ட சாட்சி இல்லை, எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்லுகிறார்கள். இப்படியான இடத்தில் சந்தேகப்படத்தானே எங்களுக்கு வருசக் கணக்கில் சொல்லித் தருகிறார்கள்.

முதலில் கறண்டின் கதை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் யோசனை, லக்சபானவில் 1950இல்தான் ஓடத் தொடங்கியது. எங்கட பக்கத்தில் கல்லோயாத் திட்டத்தோடு இங்கினியாகலையில் ஒரு நீர்மின் நிலையம் வந்தது. அந்த நேரம் அது மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இல். ஆனால் மின்சாரம் பிறக்கிற இடமும் அது எரியிற இடமும் ஒண்டல்ல. வாவிக்கரைக் கிராமங்களில் கனக்க வீடுகளுக்குக் கம்பி வந்து சேர இன்னும் பல பத்தாண்டு எடுத்தது. 1969 நவம்பர் 1இல் இலங்கை மின்சார சபை உருவானது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. இப்பவும் எங்கட வீட்டு வயதானவர்கள் ஒரு பிள்ளையின் வயதைச் சொல்ல "சூறாவளிக்கு முந்தி, பிந்தி" எண்டுதான் கணக்குப் பார்ப்பார்கள். தென்னையோடு சேர்ந்து போஸ்டுகளும் விழுந்தன.

பிறகு யுத்தம். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான ஒரு வாவி ஊரை இரண்டாகப் பிரிக்கிறது: சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. யுத்த காலத்தில் இந்தப் பிரிவு வெறும் திசைப் பிரிவாக இருக்கவில்லை. எழுவான்கரையில் கறண்ட் வந்து வந்து போனது. படுவான்கரையில் கனக்க ஊர்களில் அது இருக்கவே இல்லை. சாதாரண டோர்ச் பற்றரி கூட சோதனைச் சாவடியில் மறிக்கப்படுகிற பொருளாக இருந்த காலம் அது. குப்பி விளக்கில் படித்த தலைமுறை எண்டு எங்கட அம்மா அப்பாமார் சொல்லுகிறது சும்மா பெருமைக்கு இல்லை. இதற்கு மேலே நாடு முழுக்க வறட்சியால் வந்த மின்வெட்டுகள்: 1996இல் ஒருக்கா, 2001, 2002இல் இன்னொருக்கா. கிழக்கில் சண்டை முடிந்தது 2007இல். அதற்குப் பிறகுதான் படுவான்கரைக்குள் கம்பிகள் வேகமாக நீண்டன.

ஆகவே வீட்டுக்கு முதல் கொம்பியூட்டர் வந்து இறங்கிய நேரம், "நிண்டுட்டு" எண்ட சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு குற்றவாளி இருந்தான். புதுச் சந்தேகநபர்களைத் தேட ஒருத்தருக்கும் தேவை வரவில்லை.

அந்தக் காலத்து மெஷின்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியான தீர்ப்பும்கூட. 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கொம்பியூட்டரின் பக்கத்தில் பெரிய சிவப்பு சுவிச் ஒன்று இருந்தது. அது நேரடியாக மெயின் கறண்டையே வெட்டும் சுவிச். அந்தக் குடும்பத்து மெஷினுக்குத் தன்னைத் தானே அணைக்கத் தெரியாது. விண்டோஸ் 95இல் எல்லாவற்றையும் மூடிய பிறகு, "இப்போது நீங்கள் கணினியை அணைக்கலாம்" எண்டு கருப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்தில் ஒரு வசனம் வந்து நிற்கும். வேலையை முடித்துவிட்டு எசமான் வந்து சுவிச்சைத் தட்டுமட்டும் காத்திருக்கிற வேலைக்காரன் மாதிரி. அப்படியான மெஷின் திடீரெண்டு முழுசா இருண்டால், ஒண்டில் கறண்ட் போயிருக்க வேணும் அல்லது பவர் சப்ளை செத்திருக்க வேணும். இன்னொரு அடையாளமும் இருந்தது. சுவிச் "ஓன்" இலேயே கிடப்பதால், கறண்ட் திரும்பி வந்ததும் மெஷினும் தானாக எழும்பும். வந்தது கறண்ட் எண்டு அதுவே சொல்லிவிடும்.

இந்த அடையாளம் அழிந்த வருசம் 1995. அந்த வருசம் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். எண்ட புது அமைப்பை வெளியிட்டது. இண்டைக்கு நாங்கள் பாவிக்கிற மேசைக் கணினிகள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். இதில் முன்னாலே இருக்கிற பட்டன் கறண்டை வெட்டுவதில்லை. "தயவுசெய்து அணைக்கவும்" எண்டு மதர்போட்டுக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அணைத்த பிறகும் பவர் சப்ளைக்குள் 5 வோல்ட் உயிரோடு இருக்கும். அடுத்த வருசம் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த ஏ.சி.பி.ஐ. விதிகள் இந்த அதிகாரத்தை விண்டோஸின் கையில் கொடுத்தன. பட்டனை 4 செக்கன் அமத்திப் பிடித்தால் விண்ணப்பம் கட்டளையாக மாறும் எண்ட பழக்கமும் அந்த விதிகளில் இருந்து வந்ததுதான்.

சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் எங்கட கதையின் திருப்பமே இதுதான். மெஷினுக்கு இப்போது தன்னைத் தானே அணைக்கத் தெரியும். சூடு கூடினால் அணையலாம், வோல்டேஜ் பிசகினால் அணையலாம், புரோகிராம் ஒன்று சொன்னால் அணையலாம். பல மெஷின்களில் கறண்ட் போய் வந்தாலும் தானாக எழும்பாமல் அப்படியே கிடக்கும். ஆக, கறண்ட் வெட்டினாலும் உள்ளே கோளாறு வந்தாலும் வெளியில் தெரிகிற காட்சி ஒண்டுதான்: இருண்ட திரை. மெஷின் மாறிவிட்டது, தீர்ப்பு மாறவில்லை.

இதற்குப் பிறகு வந்த சந்தேகநபர்களை வருச வரிசையில் பார்க்கலாம். 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது, பாதைகள் திறந்தன, டவுனில் நெட் கபேகள் முளைத்தன. அடுத்த வருசம் 2003 ஓகஸ்ட் 11இல் உலகத்தில் பிளாஸ்டர் எண்ட வேர்ம் பரவியது. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 இருந்த மெஷின் நெட்டில் தொடுத்தால் போதும். எந்தப் பைலையும் திறக்கத் தேவையில்லை. திரையில் ஒரு பெட்டி வரும், 60 செக்கன் எண்ணும், மெஷின் நிண்டு திரும்ப எழும்பும். நெட்டைத் தொடுத்தால் திரும்பவும் அதே எண்ணிக்கை. இந்தத் துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் ஜூலை 16இலேயே விட்டிருந்தது. ஆனால் டயல்-அப் கனெக்சனில் அதை இறக்க எவ்வளவு நேரம் எடுக்கும், அதற்கிடையில் எத்தனை தரம் 60 செக்கன் எண்ணி முடியும் எண்டு யோசித்துப் பாருங்கள். அடுத்த வருசம் சாசர் எண்ட வேர்ம் இதே வேலையைச் செய்தது. அதை எழுதினது ஜெர்மனியில் இருந்த 18 வயதுகூட நிரம்பாத ஒரு பள்ளிக்கூடப் பொடியன். இந்த இரண்டிலும் ஒரு நல்ல குணம்: குற்றவாளி தானே திரையில் வந்து நேரம் சொல்லிவிட்டுத்தான் அடித்தான். எக்ஸ்பியின் மற்றப் பழக்கம் அதைவிட மோசம். பெரிய கோளாறு வந்தால் நீலத் திரையில் காரணத்தைக் காட்ட வேணும். ஆனால் "தானாக மறுதொடக்கம் செய்" எண்ட தெரிவு முதலிலேயே போடப்பட்டிருந்ததால், அந்த நீலம் கண் சிமிட்டுமுன் மறைந்துவிடும். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு? கறண்ட் வெட்டியது.

அதே வருசங்களில் இன்னொரு கோளாறு சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருந்தது. மதர்போட்டில் சின்னச் சின்ன டின் மாதிரி நிற்கிற கப்பாசிற்றர்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கொள்ளளவி. 1999 தொடக்கம் சுமார் 2007 வரை செய்யப்பட்ட பலவற்றுக்குள் இருந்த திரவம் தரமில்லாதது. இரண்டு மூன்று வருசத்தில் தலை வீங்கி, வெடித்து, மண்ணிறத்தில் கசியும். திரவத்தின் சூத்திரம் களவு போனதால், அதுவும் அரைகுறையாகக் களவு போனதால் வந்த வினை எண்டு ஒரு கதை உலவுகிறது. நல்ல கதைதான், ஆனால் நிரூபிக்கப்படவில்லை. விளைவு மட்டும் உண்மை. டெல் நிறுவனம் இந்தக் கோளாறுக்காக 2005இல் 30 கோடி டொலர் ஒதுக்கியது. இதில் எங்களுக்கு என்ன? வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட மெஷின்கள்தான் "பாவித்தது, ஆனால் நல்ல கண்டிஷன்" எண்டு எங்கட கடைகளில் வந்து அடுக்கப்பட்டன. வீங்கிய கப்பாசிற்றரோடு வந்த பெட்டி முதல் நாள் ஓடும், பத்து நிமிசத்தில் நிற்கும், ஆறின பிறகு திரும்ப ஓடும். கடைக்காரரும் நாங்களும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம்.

இங்கே கறண்டுக்கும் கொஞ்சம் நியாயம் சொல்ல வேணும். நல்ல பவர் சப்ளை ஒன்று கறண்ட் முழுசா அறுந்தாலும் சுமார் 16 மில்லிசெக்கன் வரைக்கும் மெஷினைத் தாங்கிப் பிடிக்கும்படி செய்யப்படுகிறது. எங்கட 50 ஹேட்ஸ் கறண்டின் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். அதாவது லைட் லேசா மங்கி வருகிற அளவுக் குறைவை நல்ல சப்ளை தாங்கும். உள்ளே கப்பாசிற்றர் காய்ந்துபோன பழைய சப்ளை தாங்காது. எனவே ஃபேன் சுத்திக்கொண்டிருக்க மெஷின் மட்டும் நிண்டால், கறண்ட் ஒரு கணம் தடுமாறினதும் உண்மையாக இருக்கலாம், மெஷின் பலவீனமானதும் உண்மையாக இருக்கலாம். ஒரு சம்பவத்துக்கு ஒரே காரணம்தான் இருக்க வேணும் எண்டு சட்டம் இல்லையே.

அடுத்தது சூடு. இதில் எங்கட ஊருக்கெண்டு ஒரு பங்கு இருக்கு. 2001இல் ஒரு வன்பொருள் சஞ்சிகை ஓடிக்கொண்டிருந்த புரொசசர்களின் ஹீட் சிங்கைக் கழற்றி வீடியோ எடுத்தது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்து உயிர் தப்பியது. அத்லன் புகைந்து செத்தது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் தற்காப்புப் படித்தவை: 100 பாகை செல்சியசை அண்டும்போது முதலில் மெதுவாகும், அதுவும் உதவாவிட்டால் சட்டெண்டு அணையும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. ஆனால் அந்தச் சூட்டை எது உண்டாக்குது எண்டு பார்க்க வேணும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் எப்படி இருக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கப்பாசிற்றரின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகும் எண்டொரு கணக்கும் இருக்கு.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கின நிலத்துண்டில் இருக்கிற எங்கட ஊர்களில் காற்றே உப்பு. கறியுப்பு ஒரு விசித்திரமான சாமான்: காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தண்ணியை இழுத்துத் தானே கரையும். எங்கட ஊரில் கனக்க இரவுகள் அந்தக் கோட்டைத் தாண்டியவை. அடுப்படியில் உப்புச் சாடி நனைவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலை கொம்பியூட்டருக்குள்ளும் நடக்குது. ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையில் தூசி, உப்பு, ஈரம் மூன்றும் சேர்ந்து ஒரு கம்பளி மாதிரிப் படியும். கொழும்பில் தூரிகையால் தட்டினால் பறக்கிற தூசி, கல்லடியில் சுரண்டி எடுக்க வேண்டிய தூசி. ரேம் துண்டின் மஞ்சள் பல்லுகளிலும் இதே கறைதான் பிடிக்கும். பழைய ரிப்பேர்காரர்கள் ரப்பர் அழிப்பானால் தேய்த்துப் போடுகிறது மந்திரம் இல்லை, இந்தக் காற்றுக்கு எதிரான வைத்தியம்.

பிறகு வந்தது 2022. அந்த வருசம் மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எங்கட குழுவில் பலர் அப்போது பள்ளிக்கூடம். கொரோனாவால் ஒன்லைனில் படிக்கத் தொடங்கி, கடன்பட்டு வாங்கின கொம்பியூட்டர்கள் அந்த மார்ச்சில்தான் யூ.பி.எஸ். எண்ட சின்னப் பெட்டியைத் துணைக்குப் பிடித்தன. மட்டக்களப்பைப் பற்றி எழுதும் கட்டுரையில் பாடுமீன் வராமல் விடாது எண்டு ஒரு பகிடி இருக்கு. அந்த வருசம் இரவில் எங்கட ஒழுங்கைகளில் பாடினது யூ.பி.எஸ்.தான்.

வீட்டு யூ.பி.எஸ். ஒரு பத்து நிமிசம் தாங்கி, பைலைச் சேமித்து ஒழுங்காக அணைக்க விடுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு நாளில் பல தரம் அடிமட்டம் வரை வடித்து, அரைகுறையாகச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே இருக்கிற ஈயப் பற்றரி சீக்கிரம் சாகும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ரூபாயில் நிண்டது. புதுப் பற்றரி வாங்க ஆருக்கு மனம் வரும்? பற்றரி செத்த யூ.பி.எஸ்.களை அப்படியே பாவித்தோம். அதுவும் வெளியில் பச்சை லைட் காட்டிக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கட தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்தது இது. பின்னேரம் ஆறு மணி அளவில் கொம்பியூட்டர் நிற்கும், ஃபேனும் லைட்டும் அப்படியே இருக்கும். இரண்டு தரம் விண்டோஸ் புதிதாக அடித்தாச்சு. அதில் ஒரு தரம் அக்காவின் ஆய்வுக் கட்டுரையின் ஒரு அத்தியாயமும் குடும்பப் படங்களும் போயிட்டுது. ரேமும் மாற்றியாச்சு. புது மெஷின் வாங்கக் காசு சேர்க்கும் கதையும் தொடங்கியிருந்தது. "கறண்ட்தான் மனே, பின்னேரத்தில எங்கட லைனுக்கு இழுவை கூட" எண்டு அவட அம்மா சொன்னா. அதில் பாதி சரி. நாங்கள் மெஷினின் பதிவேட்டைத் திறந்து, நிண்ட நேரங்களைக் கொப்பியில் எழுதினோம். பெரும்பாலும் 5.45க்கும் 6.15க்கும் இடையில். அந்த நேரம் வீட்டில் என்ன நடக்குது? தாங்கிக்குத் தண்ணி ஏற்ற மோட்டர் போடுவார்கள். மோட்டர் உறுமி எழும்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். யூ.பி.எஸ். உடனே பற்றரிக்கு மாறும். பற்றரியோ 2022இலேயே செத்தது. காக்க வந்த பெட்டிதான் ஆளை வீழ்த்தியிருக்கு. யூ.பி.எஸ்.ஸைக் கழற்றி நேரே சுவரில் குத்தினோம். மோட்டர் போட்டாலும் மெஷின் நிற்கவில்லை. பிறகு பற்றரி மட்டும் மாற்றினார்கள்.

அந்தப் பதிவேட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் எண்டு தேடித் திறந்து, விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் சிஸ்டம் எண்ட இடத்துக்குப் போங்கள். அங்கே 41 எண்ட இலக்கம் கேர்னல்-பவர் எண்ட பெயரோடு சிவப்பில் நிற்கும். கனக்கப் பேர் அதைக் கண்டதும் "பவர் கோளாறு, கண்டுபிடிச்சாச்சு" எண்டு முடிவெடுக்கிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. மெஷின் ஒழுங்காக விடைபெறாமல் போய்விட்டது எண்டு, திரும்ப எழும்பின பிறகு எழுதின குறிப்பு அது. சம்பவம் முடிந்த பிறகு வந்து எழுதின வரலாற்றாசிரியர். காரணம் அவருக்குத் தெரியாது. 6008 எண்ட இலக்கம் நிண்ட நேரத்தைச் சொல்லும். 1074 இருந்தால் ஏதோ புரோகிராம் அல்லது அப்டேட் கேட்டுத்தான் அணைந்திருக்கு, பயப்பட ஒன்றுமில்லை. 41இன் விபரத்தில் பக்செக் கோட் எண்ட இடத்தில் சைபர் தவிர வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கு. ரேம், டிரைவர் பக்கம் தேடலாம். சைபர் எண்டால் பெரும்பாலும் மெஷினுக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை: கறண்ட், சப்ளை, சூடு.

மிச்சத்தை நேரம் சொல்லும். போட்டவுடனே நிண்டால் சப்ளை, மதர்போட், ஒழுங்காக இருக்காத ரேம். பத்துப் பதினைந்து நிமிசம் ஓடி, அல்லது கேம் விளையாடும்போது நிண்டால் முதலில் சூடு. ஃபேன் சுத்துதா, தூசி அடைச்சிருக்கா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோச்சா எண்டு பாருங்கள். ஐஸ் பெட்டியோ மோட்டரோ எழும்பும் நேரம் நிண்டால் வயரிங், யூ.பி.எஸ்., சப்ளை. ஊரே இருண்டால், ஓம், கறண்ட்தான். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறைத் துணை மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு போய் நாடே இருண்டதே, அண்டைக்கு நிண்ட மெஷின்களில் ஒரு பிழையும் இல்லை.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே 300 வோல்ட் அளவில் தேங்கி நிற்கும். கடைக்குக் கொண்டு போறதெண்டால் நிண்ட நேரங்களையும் அப்போது வீட்டில் எது ஓடிக்கொண்டிருந்தது எண்டதையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். "விண்டோஸ் அடிச்சுத் தரவா?" எண்டு கேட்டால், முதலில் பைல்களை ஒரு பென் டிரைவில் கொப்பி எடுங்கள், பிறகு அந்தத் துண்டைக் காட்டுங்கள்.